படக்காரியின் எடை

படக்காரிக்கு விருது கொடுப்பதென்று முடிவான வாரத்தில் அவளுடைய எடை நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மரக்கடையில் கட்டைகளை நிறுக்கும் எடைமேடையில் அவளை நிற்கவைத்து, கடைக் குமாஸ்தா ‘பெண் ஒன்று, 412’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கிறது. பார்க்க அவள் ஒல்லி. கல்யாணத்தன்று போட்ட சட்டை அறுபத்தோரு வயதிலும் அவளுக்கு அளவாகவே இருந்தது, தோளில் மட்டும் கொஞ்சம் தொளதொளப்பு. மழை பெய்த மண்ணில் நடந்தால் கணுக்கால்வரை புதைவாள். எந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பியதில்லை. அந்தத் தெருவுக்குச் சாலை போட வந்தவர்கள் அவள் வீட்டு வாசலில் மட்டும் இரண்டு மடங்கு ஜல்லி கொட்டிவிட்டுப் போனார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் வெளியூர் ஆட்கள்தான். சினிமாச் சங்கக் கூட்டத்தில் போட்ட நாற்காலியில் உட்காராமல் அவள் மூன்று மணி நேரம் நின்றதைப் பார்த்துவிட்டு, தலைக்கனம் பிடித்தவள் என்று பேசிக்கொண்டார்கள். நாற்காலியைக் காப்பாற்றத்தான் அவள் நின்றாள்.

அவள் புருஷன் தச்சன். முப்பத்து நான்கு வருடமாக அவள் உட்கார்ந்ததும் படுத்ததும் அவன் செய்த மரத்தின் மேல்தான். வைரம் பாய்ந்த கட்டையில் ஒரு நாற்காலி, பதினோரு கால் வைத்த கட்டில், அடுக்களைத் தரைக்கு அடியில் ஒரு முழத்துக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம். கல்யாணத்துக்கு முன்பே நீ, நான் என்று பேசிப் பழகியவர்கள், அப்புறமும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. கேமராவைத் தாங்கும் முக்காலிக்கு ஒரு கால் உடைந்துபோய், அதைச் செய்து தரச் சொல்லித்தான் அவள் முதலில் அவன் பட்டறைக்கு வந்தாள். அவன் செய்து கொடுத்த காலைத் தூக்கிப் பார்த்து, இது கேமராவுக்கா, யானைக்கா என்று கேட்டாள். அவன் இழைத்து இழைத்து அதைப் பாதியாக்கினான். நாலாம் முறை அவள் வந்தபோது இழைக்க அதில் மரமே மிச்சமில்லை, வேறு விஷயம் பேச வேண்டியதாயிற்று.

அவள் மேட்டுச் சனம். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயருக்கு அவர்கள் மொழியில் ‘பேசுகிறவர்கள்’ என்று பொருள். பதிவேட்டில் எந்தக் குமாஸ்தாவும் அதைச் சரியாக எழுதியதில்லை, அதனால் மேட்டுச் சனம் என்றே நின்றுவிட்டது. மேட்டில் சுரங்கம் தோண்டியபோது அவர்களை இறக்கிக்கொண்டுவந்து, நகரத்து ஓரத்தில் சாயப் பட்டறைக்குப் பின்னால் வரிசை வீடுகளில் வைத்தார்கள். அவளுக்கு அப்போது பத்து வயது. பத்தொன்பது வயதில், அவள் சனத்தைப் படம் பிடிக்க எங்கிருந்தோ வந்த ஒரு குழுவுக்கு அவள் முக்காலி தூக்கினாள். மேட்டில், செத்தவர்களைப் புதைத்த இடத்தின் மேல் ஏறி நின்று அவர்கள் படம் எடுக்க, அவளுடைய பெரிய மாமா வாய்க்கு வந்தபடி அவர்களைத் திட்டினார். படம் வெளியானபோது அந்தத் திட்டுக்குக் கீழே ‘பழங்குடி முதியவர் வரவேற்புப் பாடல் பாடுகிறார்’ என்று போட்டிருந்தது. அவள் அன்று சிரித்தாள். மறுநாள் போட்டோ ஸ்டூடியோவில் படம் கழுவும் வேலையில் சேர்ந்தாள். மூன்றாம் வருடம் சாவி கொடுத்து ஓட்டும் பழைய கேமரா ஒன்று அவள் கைக்கு வந்தது.

அந்தக் கேமரா ஒரு சாவிக்கு இருபத்தைந்து நொடிதான் ஓடும். அவள் சனம் எதையும் இருபத்தைந்து நொடிக்குள் சொல்லி முடிக்கப் பழகிக்கொண்டது. அவளுடைய பெரியம்மா ஒருத்தி மட்டும் பழகவில்லை, அதனால் பெரியம்மா தன் படம் முழுக்கப் பாதிப் பாதி வாக்கியங்களாகவே இருக்கிறாள். இப்படி இருபத்தேழு படம். காற்றுகளின் பெயர்கள் ஒரு படம். அடிமரம் இழுக்கும்போது பாடுகிற பாட்டு ஒரு படம். யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று ஒரு கிழவி விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே போவது, அது மட்டுமே, ஒரு படம். சுரங்க வழக்கில் அந்தப் படத்தைப் பார்த்த நீதிபதி, கிழவி காட்டிய இடத்தில் மட்டும் தோண்டக்கூடாது என்று எழுதினார். அதுவரை அந்தச் சனத்தின் பேச்சை யாரும் சாட்சியாக எடுத்துக்கொண்டதில்லை.

கல்யாணமான இரண்டாம் வருடம், ஒரு காலையில், காபி குடித்துக்கொண்டிருந்தவளோடு நாற்காலி உடைந்து உட்கார்ந்தது. தச்சன் மூட்டுகளைப் புரட்டிப் பார்த்தான். மூட்டில் குற்றமில்லை. தொழிலில் இப்படி ஒரு அவமானமா என்று அவன் குமைந்துகொண்டிருக்கும்போதே தெருமுனைக் கடைக்குப் போன் வந்தது: திட்டிய அந்தப் பெரிய மாமா அன்று காலை போய்விட்டார். காற்றுகளின் பெயர்களைச் சொன்னவரும் அவர்தான். அடுத்து ஒரு அத்தை போனபோது அடுக்களைத் தரை இறங்கியது. நாலாவது சாவில் இருவருக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. அவள் கேமராவுக்குச் சொன்னவர்கள் இறக்கும்போது, சொன்னது வேறு யாருக்கும் தெரியாததாக இருந்தால், அது அவள் மேல் ஏறிக்கொண்டது. காற்றுகளின் பெயர்கள் முப்பத்தொரு கிலோ. எல்லைத் தகராறு தீர்த்த கதை பதினெட்டு. ஒரு தாலாட்டு நாலரைதான், ஆனால் இடது தோளில் மட்டுமே ஏறியது. சாவுச் செய்தி அந்த வீட்டுக்கு முதலில் மரம் வழியாகவும் பிறகு போன் வழியாகவும் வந்தது.

டாக்டர் அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, முட்டிதான் இனிமேல் தாங்காது என்றார். சொன்னவர்களில் இன்னும் இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். அதில் ஒருவர் மரம் இழுக்கும் பாட்டுக்காரரான அவளுடைய சித்தப்பா, நிறையத் தெரிந்தவர். தச்சன் கணக்குப் போட்டுப் பார்த்தான். அந்த இரண்டு பேரும் போகிற நாளில் அவள் காலுக்கடியில் எந்த மரத்தை வைத்தாலும் நிற்காது.

இறங்க வழி இருக்கிறது என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. அவளுடைய அக்கா மகள், நர்ஸ், பரீட்சைக்குப் படிக்க ஒரு வாரம் வந்து தங்கினாள். தலைதுவட்டிக்கொண்டே சித்தி முணுமுணுத்த தாலாட்டைக் காதில் வாங்கி, ஊருக்குக் கிளம்பும்போது தானே பாடிக்கொண்டு படியிறங்கினாள். அன்று அடுக்களைப் பலகை ஒரு நூல் அளவு மேலே வந்ததைத் தச்சன் கவனித்தான். மரக்கடைக்குக் கூட்டிப்போய் நிறுத்தான். நாலரை கிலோ குறைந்திருந்தது.

“அப்ப சொல்லிக்கொடுத்துடு. எல்லாத்தையும்,” என்றான்.

“யாருக்கு? டிப்போவுக்கும் லாண்டரிக்கும் போயிட்டு வந்து அசந்து கிடக்கிறவங்களைப் பிடிச்சு உட்கார வச்சா? அவங்களுக்கு என் வாயால வேண்டாம்பா. மாமா வாயால, பெரியம்மா வாயால கேட்கணும். அது படத்துல இருக்கு.”

“படம்?”

“அதான் குளிர்ல கிடக்கே.”

இருபது வருடத்துக்கு முன் படச்சுருள்களில் புளிப்பு வாடை கிளம்பியது. அந்த வாடை வந்தால் சுருள் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆவணக் காப்பகம் குளிர் அறையில் வைத்துக் காப்பாற்றித் தருவதாகச் சொன்னது, சொன்னபடி காப்பாற்றவும் செய்தது. பதினோரு பக்க ஒப்பந்தத்தில் பதினோராம் பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். அதன்படி, படங்களைப் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஓர் ஆய்வு நிறுவனத்தின் கடிதம் வேண்டும், மூன்று வாரம் முன்பே சொல்ல வேண்டும், ஒருவர் ஒருவராகத்தான் வர வேண்டும். சாயப் பட்டறைக்காரனுக்கும் பஸ் டிரைவருக்கும் எந்த நிறுவனம் கடிதம் கொடுக்கும்? அவள் பதினான்கு முறை எழுதினாள். பதினான்கு முறையும் மரியாதையான பதில் வந்தது. அவளுக்கு மட்டும் ஒரு தடவை நாற்பது நிமிடம் அனுமதி கிடைத்தது. போனாள், குளிர் அறை நிலத்துக்கு அடியில் இருந்தது, லிஃப்ட் அவளோடு இறங்க மறுத்துவிட்டது, படிக்கட்டு சாமான் ஏற்ற மட்டும் என்றார்கள். திரும்பி வந்தாள்.

இந்த நிலையில்தான் ‘கலாச்சார மரபுக்கு ஆற்றிய வாழ்நாள் பங்களிப்பைப் பாராட்டி’ என்று அதே காப்பகத்திலிருந்து விருதுக் கடிதம் வந்தது. அவள் அதை இரண்டு முறை படித்து, மடித்து, ஆடுகிற ஜன்னலுக்கு அடியில் செருகினாள். ஜன்னல் ஆடாமல் நின்றது. வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிடச் சொன்னாள். தச்சன் எழுதவில்லை. மறதி என்று சொல்லிக்கொண்டான்.

எட்டாம் நாள் காப்பகத் தலைவரே பட்டறைக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை, விதிகளோடு நீண்டகாலம் குடித்தனம் நடத்தியவர். விழா மண்டபத்து மேடை மரத்தால் ஆனது, எண்பது வருடப் பழசு. கட்டடப் பொறியாளரிடம் கேட்டதற்கு, அந்த அம்மாவின் பாரம் தெரிந்தவர் ஊரில் ஒருத்தர்தான், அவர் புருஷன், என்று சொல்லிவிட்டாராம். தச்சன் இழைப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டான்.

“பலப்படுத்தித் தரலாம். ஏழு விட்டம், இருபது முட்டு, ஆறு நாள் வேலை. கூலி வேண்டாம்.”

“ரொம்ப நன்றிங்க.”

“கூலிக்குப் பதிலா இருபத்தேழு படமும் அந்த மண்டபத்துல ஓடணும். அவ சனம் மொத்தமும் வந்து பார்க்கணும். அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிரதி அவங்க கையிலயே இருக்கணும். பூட்டு கீட்டு எதுவும் இல்லாம.”

தலைவர் உட்கார இடம் தேடினார். மரத்தூள் மூட்டைதான் இருந்தது, அதில் உட்கார்ந்தார். “விதி இடம் கொடுக்காதுங்களே.”

“மேடையும் இடம் கொடுக்காதுங்க,” என்றான் தச்சன். இழைப்புளியைத் தட்டி மரச்சுருளை உதறினான். “நான் ஒண்ணும் மிரட்டலை. மரத்தோட குணத்தைச் சொல்றேன்.”

தலைவர் போய் ஒன்பது நாள் வரவில்லை. அழைப்பிதழ் எல்லாம் போய்விட்டது, வெளிநாட்டு விருந்தினர் மூன்று பேர் டிக்கெட்டே எடுத்துவிட்டார்கள் என்று அரசல்புரசலாகக் காதில் விழுந்தது. பத்தாம் நாள் ஒரு தாளோடு வந்தார். ‘மேடையின் தாங்குதிறனைச் சோதிக்கும் பொருட்டு மூன்று நாட்கள் இருபத்தேழு படங்களும் பார்வையாளர் முன்னிலையில் ஓட்டப்படும், சோதனைக்குப் பயன்பட்ட பிரதிகள் திரும்பப் பெறப்பட மாட்டா’ என்று அதில் இருந்தது. எந்த விதியும் உடையவில்லை. இதை எழுதிமுடிக்க அவருக்கு ஒன்பது நாள் ஆனது என்றும், இருபத்தாறு வருட உத்தியோகத்தில் தான் எழுதிய நல்ல வாக்கியம் இதுதான் என்றும் சொன்னார். தச்சன் தாளின் முன்பக்கம், பின்பக்கம், முத்திரை எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் படித்த பிறகே கையெழுத்துப் போட்டான்.

வீட்டில் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. “என் பேரை வச்சுப் பேரம் பேசினியா?”

“பேரை வச்சு எங்க பேசினேன்? எடையை வச்சுத்தான் பேசினேன்.”

மறுநாள் காலை தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், “விட்டத்துக்கு என்ன மரம் போடுற?” என்று கேட்டாள். அவன் சொன்னான். “ம்,” என்றாள். அதோடு தீர்ந்தது.

விழா அன்று காலை பத்து மணிக்கு மண்டபத்தில் உட்கார இடமில்லை. டிப்போவில் அன்று ஏழு பஸ் ஓடவில்லை, சாயப் பட்டறை பாதி நாள் மூடியிருந்தது. தச்சனுக்கு முதல் வரிசையில் பெயர் ஒட்டிய நாற்காலி இருந்தும் அவன் அதில் உட்காரவில்லை. மேடைக்கு அடியில், முட்டுகளுக்கு நடுவில், கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலும் ஒரு கூடை ஆப்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த விழாவை அவன் பார்க்கவில்லை. பலகை வழியாகக் கேட்டான். அவள் நான்கு படி ஏறியதை விட்டங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லின. மூன்றாவது விட்டம் கொஞ்சம் அதிகமாகவே புலம்ப, அதற்கு ஓர் ஆப்பு வைத்தான். தலைவர் பேசினார். பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். “இதுக்கு எடையே இல்லையே,” என்று அவள் சொன்னதும், மண்டபம் சிரித்ததும் கேட்டது. பிறகு அவள் தன் மொழியில் நான்கு வாக்கியம் பேசினாள். யாரும் மொழிபெயர்க்கவில்லை. மூன்றாவது வாக்கியத்துக்குப் பின்வரிசைகள் சிரித்தன, நான்காவதற்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆயிரத்து இருநூறு செருப்புகள் ஒன்றாகத் தரையில் ஊன்றிய சத்தம் கேட்டது. தச்சனுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. இருந்தும் கண் கரித்தது, மரத்தூள் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டான்.

மேடையின் ஓரத்தில் அவன் செய்த நாற்காலியிலேயே அவள் உட்கார்ந்திருக்க, படங்கள் ஓடின. முதலில் காற்றுகள். பெரிய மாமா திரையில் ஒவ்வொரு காற்றாகப் பெயர் சொன்னார். ஏழாவது வரிசையில் ஒரு பஸ் டிரைவர், ஐம்பது வயது ஆள், தன்னை அறியாமல் ஒரு பெயரைத் திருப்பிச் சொன்னார். தச்சன் தலைக்கு மேலே ஒரு பலகை மூச்சு விட்டது. அதற்குப் பின்னால் யாரோ இன்னொரு பெயரைச் சொன்னார்கள். பிறகு ஏழெட்டுப் பேர். பிறகு எண்ண முடியவில்லை. மத்தியானத்துக்குள் ஓர் ஆப்பு தானாகக் கழன்று அவன் மடியில் விழுந்தது. முப்பத்தொன்று, என்று அவன் வாய்விட்டுச் சொன்னான்.

இரண்டாம் நாள் மரம் இழுக்கும் பாட்டு. அதை மண்டபமே எடுத்துக்கொண்டது. வெளிநாட்டு விருந்தினர் மூவரும் கூடத் தாளம் தட்டினார்கள். எண்பது வருடத்துத் தூசி தச்சன் தலையில் கொட்டியது. அவனும் ஓர் ஓரமாக, கொட்டாப்புளியால் ஒரு முட்டுக்கட்டையைத் தட்டிக்கொண்டு, வாயசைத்தான். மூன்றாம் நாள் பெரியம்மா. பாதி வாக்கியத்தில் அவள் நிற்கும்போதெல்லாம் மண்டபத்தில் யாராவது மீதியைச் சொன்னார்கள். லாண்டரியில் துணி தேய்க்கும் ஒருத்தி ஒரு விதமாக முடிக்க, சாயப் பட்டறை மேஸ்திரி இன்னொரு விதமாக முடிக்க, பெரியம்மா அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாள் என்று பெரிய சண்டை. திரையை நிறுத்திவைத்துவிட்டு ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். சாகப்போகிற மொழியில் யாரும் அப்படிச் சண்டை போடமாட்டார்கள். படக்காரி நாற்காலியில் சாய்ந்து, கை இரண்டையும் மடியில் வைத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திருத்தவில்லை. அடியில் ஆப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்துகொண்டே இருந்தன, தச்சன் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தான்.

கடைசிப் படம் முடிந்து அவள் எழுந்து நடந்தாள். மேலே சத்தமே இல்லை. இருபத்திரண்டு பலகையில் ஒன்றும் வாய் திறக்கவில்லை. தச்சன் முட்டுகளை விலக்கிக்கொண்டு தவழ்ந்து வெளியே வந்து பார்த்தால், அவள் மேடையின் அந்தக் கோடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்கத் தூசியோடு நின்றவனைப் பார்த்து, “என்ன கோலம் இது,” என்றாள். போகும் வழியில் மரக்கடையில் நிறுத்தார்கள். ஐம்பத்தொன்று. கல்யாணத்தன்று நாற்பத்தெட்டு. மீதி மூன்றும் வயதுக்கு என்று குமாஸ்தா சொன்னார். வெளியே காற்று வீசியபோது அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். காற்று தள்ளும் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. அவள் சிரித்தாள். பிறகு அந்தக் காற்றின் பெயரைச் சொன்னாள்.

அன்றைக்கு வரிசை வீடுகளுக்குத் திரும்பிய பஸ்கள் மூன்று விரல் தாழ்ந்து ஓடின. டிப்போவில் டயருக்குக் காற்று கூட்டி வைத்தார்கள், அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. சாயப் பட்டறையில் ஏணிகளை மாற்றினார்கள். நர்ஸான அக்கா மகள் தன் ஆஸ்பத்திரியில் மேட்டுச் சனத்துக்கு எடை பார்க்கும்போது ஒரு கிலோ தள்ளி எழுதிக்கொண்டாள். பிரதிகள் வரிசை வீடுகளில் வீடு வீடாகச் சுற்றின. காப்பகத் தலைவர் ஓய்வு பெற்ற பிறகு அங்கே படம் பார்க்க வந்துபோனார், அனுமதிக் கடிதம் எதுவும் இல்லாமல். படக்காரி லேசான கால்களோடு இருபத்தெட்டாவது படத்தை ஆரம்பித்தாள், அதில் சண்டை போட்டவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

அடுத்த வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு, நகரத்தில் சில நூறு பேர் செய்துகொண்டிருந்த வேலையை விட்டு, இடுப்பில் கை வைத்து ஒரு கணம் நின்றார்கள். பிறகு வேலையைத் தொடர்ந்தார்கள். தச்சன் அப்போது ஒரு வீட்டில் ஏணி மேல் நின்று ஜன்னல் சட்டம் மாற்றிக்கொண்டிருந்தான். அவன் காலுக்கடியில் ஏணிப்படி முனகியது. இறங்கி மறுபடி ஏறிப் பார்த்தான். மறுபடி முனகியது. உளியைப் பையில் போட்டான்.

வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள். “என்னங்க ஆச்சு?”

“என் சம்சாரத்தோட சித்தப்பா ஒருத்தர். நல்லாப் பாடுவார். இப்பதான் போயிட்டார்.”

“அடடா. போன் வந்துச்சா?”

“இல்லங்க. எனக்கும் கொஞ்சம் வந்திருக்கு.” அதைச் சொல்லும்போது அவன் முதுகு நிமிர்ந்திருந்தது.

வீட்டுக்காரம்மா அவனைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். “அப்ப கிளம்புங்க. ஜன்னல் எங்கயும் ஓடிப்போகாது,” என்றாள். “படி இறங்கும்போது பார்த்து. பழைய படி.”